வாசகர் கேள்வி – பதில்: ஆற்றலை மறைத்தவர் யார்?

கேள்வி: ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து வருகிறேன். அதில் வரும் சிறுவர்கள் பலரிடமும் ஓர் ஆற்றல் மறைந்திருக்கிறது. மாயக் கதை என்றாலே இப்படித்தானா, இதில் தனிச்சிறப்பு ஏதும் உண்டா?

பதில்: உண்டு. இத்தகைய கதைகள் பலவற்றில் ஆற்றல் தானாகவே உறங்கிக் கிடக்கும்; நெருக்கடி வந்ததும் தானாகவே விழித்துக்கொள்ளும். 2005 முதல் 2008 வரை 61 அத்தியாயங்களாக ஒளிபரப்பான இந்த அமெரிக்க அனிமேஷன் தொடரில், அதை மறைத்து வைக்க ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஆங் என்ற சிறுவனுக்கு, நீர், மண், நெருப்பு, காற்று நான்கையும் ஆளவல்ல அவதாரம் அவனே என்ற செய்தியை வழக்கப்படி 16 வயதில்தான் சொல்லியிருக்க வேண்டும். போர் நெருங்குவதை உணர்ந்த துறவிகள் 12 வயதிலேயே சொல்லிவிட, அவன் அஞ்சி ஓடிப்போகிறான். கடாரா என்ற சிறுமியின் கதை இதைவிடக் கனமானது. தென் துருவத்தில் நீரை ஆளும் வல்லமை கொண்டவர்களை நெருப்பு நாட்டுப் படையினர் ஒவ்வொருவராகப் பிடித்துச் சென்ற பிறகு, எஞ்சிய ஒருவரைத் தேடி வந்த படைத்தலைவனிடம், கடாராவின் தாய் ‘அது நான்தான்’ என்று பொய் சொல்லி உயிரை விடுகிறாள். மகளின் ஆற்றலைத் தன் உயிரைக் கொடுத்து மறைத்த அந்தத் தாயைப் பற்றிய முழு உண்மை மூன்றாம் பருவத்தில்தான் நமக்குத் தெரியவருகிறது. அந்த அத்தியாயத்தைப் பிள்ளைகளோடு உடனிருந்து பாருங்கள்.

கேள்வி: மண்ணை ஆளும் பார்வையற்ற சிறுமி டாஃபை அவளுடைய பெற்றோர் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தது பாசத்தினால்தானே? அதைக் குறை சொல்லலாமா?

பதில்: பாசம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செல்வந்தரான அந்தத் தந்தை, தமக்கு ஒரு மகள் இருப்பதையே ஊராருக்குத் தெரியாமல் வைத்திருந்தார். ஆசிரியரை அமர்த்தியும் தொடக்கநிலைப் பாடங்களைத் தாண்ட விடவில்லை. 12 வயதுச் சிறுமியோ அதற்கு வெகு முன்பே, மலையைக் குடைந்து வாழும், கண் தெரியாத ‘பேட்ஜர்மோல்’ என்ற விலங்குகளிடம், பாதத்தின் வழியே நிலத்தின் அதிர்வை உணரக் கற்று, இரவுகளில் களமிறங்கிப் பெரிய மல்லர்களை வீழ்த்திக்கொண்டிருந்தாள். அவளது திறமையைக் கண்ணாரக் கண்ட பிறகும் தந்தை காவலை இன்னும் கடுமையாக்கத்தான் முடிவு செய்கிறார். அன்றிரவே அவள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். பின்னர் இரும்புப் பெட்டியில் அடைக்கப்பட்டபோது, உலோகத்திலும் மண்ணின் துகள்கள் கலந்திருப்பதை உணர்ந்து, அதுவரை எவரும் செய்திராத வகையில் அந்த இரும்பை வளைத்து வெளிவருகிறாள். அவளை அங்கே அடைத்தவர்கள், வீட்டுக்கு மீட்டு வரும்படி தந்தையே அனுப்பிய ஆட்கள் என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது.

கேள்வி: தொடரில் வரும் சண்டை அசைவுகள் கற்பனையா?

பதில்: இல்லை. சீனத் தற்காப்புக் கலைகளில் தேர்ந்த சீஃபு கிசு என்பவர் ஆலோசகராக இருந்தார். நீருக்குத் தாய் சி, மண்ணுக்கு ஹங் கார், நெருப்புக்கு வடக்கு ஷாவொலின், காற்றுக்கு வட்டமிட்டு நடக்கும் பாகுவாஜாங் ஆகியவை அடிப்படை. டாஃபுக்கு மட்டும் தெற்கத்திய தொழுவன் பூச்சிப் பாணியைத் தனியே கொடுத்தார்கள். ஆகவே அந்தப் பிள்ளைகளின் ஆற்றல் மந்திரமாக மட்டும் தோன்றாமல், பயிற்சியில் பழகிய உடலின் நிலையாகவும் நமக்குத் தெரிகிறது.

கேள்வி: நெட்ஃபிளிக்ஸ் 2024இல் வெளியிட்ட, நடிகர்கள் நடித்த தொடரிலிருந்து தொடங்கலாமா?

பதில்: பழைய தொடரிலிருந்தே தொடங்குங்கள். புதியதில் ஆங் அஞ்சி ஓடுவதில்லை. மனம் தெளிவதற்காகச் சற்று வெளியே போகும்போது புயலில் சிக்கிக்கொள்கிறான். தன் ஆற்றலைக் கண்டு தானே பயந்த சிறுவனை அங்கே காண முடியாது.