பனிச்சரிவு என்றால் எது?

கேள்வி: நண்பர்கள் நால்வர் காஷ்மீரில் குல்மார்க் போனோம். கோண்டோலா என்ற ரோப் கார் கூட்டத்தைத் தாண்டி, யாருமே இல்லாத ஒரு பனிச்சரிவில் சறுக்கினோம். வீடியோவோடு இடத்தையும் இன்ஸ்டாகிராமில் குறித்துப் போட்டேன். அன்றிலிருந்து ஒரு நண்பன் என்னோடு பேசுவதில்லை. இடத்தைச் சொன்னது தப்பா?
- ஒரு வாசகர், மயூர் விஹார், டெல்லி

பதில்: மலையின் சாய்வைப் 'பனிச்சரிவு' என்று எழுதியிருக்கிறீர்கள். செய்தித்தாளில் அதே சொல், மேலிருந்து உடைந்து வந்து ஆளை மூடும் பனிக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லா என்று என் உதவி ஆசிரியர் குறைப்படுகிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது. சறுக்குபவர்கள் ஆசைப்படும் செங்குத்துச் சாய்வு 30 டிகிரிக்கு மேல்; பனி பெரும்பாலும் உடைவதும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான். குல்மார்க்கின் அபர்வட் மலையில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவர் அப்படித்தான் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் ஒரு ரஷ்யர்.

நீங்கள் போன அன்று பனி இறுகிக் கிடந்திருக்கும். அடுத்த வாரம் புதுப்பனி விழுந்து, காற்று அதை ஒரு பக்கமாகக் குவித்துவிட்டால் அது வேறு சரிவு. நீங்கள் குறித்த புள்ளிக்கு அதெல்லாம் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு லாஜ்பத் நகரில் ஜாக்கெட் வாங்கிக்கொண்டு கிளம்பும் பையனிடம், புதைந்தால் இருக்குமிடத்தைச் சிக்னலாகக் காட்டும் பீக்கன் இருக்குமா, பனியைக் குத்திப் பார்க்கும் கம்பி இருக்குமா? புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்புறம் அது மளமளவென்று குறையும். கீழேயிருந்து ஆள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இடம் சொல்வது பற்றி எனக்கு ஒரு பழைய வலி உண்டு. முனிர்காவில் ஓர் அம்மா வீட்டு முன்னறையில் தினம் இருபது பேருக்குச் சமைத்துப் போட்டார். வெண்டைக்காய் மோர்க்குழம்பு, சுட்ட அப்பளம். நம் பத்திரிகையில் தெரு, வீட்டு எண்ணோடு எழுதினோம். அடுத்த ஞாயிறு சந்து முழுக்க அடைத்துக் கூட்டம். படியில் செருப்புவிட இடமில்லை. அந்தச் சாப்பாட்டை நம்பி இருந்த மாணவர்கள் பசியோடு திரும்பினார்கள். மூன்றே மாதத்தில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, உங்கள் விஷயம். நான் உங்கள் நண்பன் பக்கம். அந்த வழியை உங்களுக்குக் காட்டியது யார்? உள்ளூர் வழிகாட்டி என்றால், போடுவதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர் பிழைப்பே அந்த வழிகள்தான். வீடியோ இருக்கட்டும், புள்ளியை இன்றே எடுத்துவிடுங்கள். நேரில் வந்து கேட்பவருக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் போனீர்கள், பனி எப்படி இருந்தது, என்னென்ன கொண்டு போனீர்கள் என்பதையும் சேர்த்து.

ஒன்றை மட்டும் ஊருக்கே சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். பனியில் விரிசல் ஓடியதையோ, காலடியில் 'தொம்' என்று அமுங்கியதையோ கண்டிருந்தால், இடம், தேதி, சரிவு பார்த்த திசை எல்லாவற்றோடும் அன்றைக்கே போடுங்கள். அதை மறைத்தீர்கள் என்றால், நண்பன் இருக்கட்டும், நானே உங்களோடு பேச மாட்டேன்.