மகளின் பையில் எவ்வளவு எடை போடலாம்?

கேள்வி: முதுகுப்பையில் 10 கிலோ போட்டுக்கொண்டு தினமும் காலையில் 'ரக்கிங்' நடை போகிறேன். 8 வயது மகளும் பையோடு வருவேன் என்கிறாள். அவள் எடை 25 கிலோ. என் பழைய பையில் 3 கிலோ அரிசி வைத்து இரண்டு முறை கூட்டிப்போனேன். பாதி வழியிலேயே சிணுங்குகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பையை மாற்றுங்கள். பெரியவர்களின் பை அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும். பாரம் பின்னால் இழுக்க, விழாமலிருக்க அவள் முன்னால் குனிவாள். கழுத்தும் தோளும் கடுத்துப்போகும். அவளுடைய பள்ளிப் பையே போதும். வார்களை இழுத்துப் பை முதுகோடு ஒட்டும்படி வையுங்கள்.

3 கிலோ அதிகம். பள்ளிப் பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை. அந்தக் கணக்கில், பையின் எடையும் சேர்த்து 2.5 கிலோதான் உச்சம். முதல் இரண்டு வாரம் வெறும் பை. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது ஒரு கிலோ. துண்டில் சுற்றி, தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகை ஒட்டி நிறுத்துங்கள். அடியில் உருண்டால் பழைய கதைதான். தண்ணீரில் இன்னொரு வசதி: களைத்தால் வழியில் ஒரு செடிக்கு ஊற்றிவிடலாம். எந்தச் செடிக்கு என்பதை அவளே முடிவு செய்யட்டும். டம்பெல் மட்டும் வேண்டாம், முதுகில் குத்தும்.

பையை நிறுப்பதையும் அவளிடமே விடுங்கள். எடை மெஷினில் பையோடு ஒரு முறை, பையில்லாமல் ஒரு முறை ஏறிக் கழித்துப் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு இது தனி குஷி.

சும்மா சுமப்பதில் எந்தக் குழந்தைக்கும் ருசி இருக்காது. காலை இட்லியை டப்பாவில் கட்டி அவள் பையில் வையுங்கள். பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். திரும்பும்போது பை தானாகவே இலேசாகிவிடும். அல்லது ஒவ்வொரு தெரு முனையிலும் அவள் பையிலிருந்து ஒரு பொருள் அப்பா பைக்கு மாறட்டும். அப்பா முதுகில் பாரம் ஏற்றுவதுபோல் சந்தோஷம் வேறில்லை!

தூரம் ஒன்றரை கிலோமீட்டர், வாரம் இரண்டு நாள், அதுவும் பள்ளி விடுமுறை நாட்களில். மற்ற நாட்களில் பள்ளிப் பையே அவளுக்குச் சுமை. செருப்பு வேண்டாம், ஷூ போடட்டும். ஓட, குதிக்க ஆசைப்பட்டால் பையைக் கழற்றி நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தோளில் சிவந்த தடம், கையில் மரமரப்பு, முதுகுவலி எது தெரிந்தாலும் அன்றைக்கு அத்தோடு பையை இறக்கிவிடுங்கள். அடுத்த நாளும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.