செங்குத்தாக எழும் மின் விமானம்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ஓடுபாதை இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே எழும்பி இறங்கும் மின் விமானம் ஒன்று வாங்க ஆசை. ஒருவர் மட்டும் உட்காரும் வகை. பைலட் உரிமம் வேண்டாம் என்கிறார்கள். பறக்கும் நேரம் 20 நிமிடமாம். இப்போதே முன்பணம் கட்டினால் வரிசையில் இடம் கிடைக்குமாம். கட்டலாமா?

பதில்: முதலில் அந்த உரிமம். அவர்கள் சொல்வது அமெரிக்காவின் 'பார்ட் 103' அல்ட்ராலைட் (மிக லேசான விமானம்) விதி. வெறும் எடை 115 கிலோவுக்குள் (பாராசூட், மிதவை கணக்கில் சேராது), வேகம் மணிக்குச் சுமார் 100 கி.மீ.க்குள் இருக்கும் ஒற்றை இருக்கை விமானத்துக்கு அங்கே பைலட் உரிமம் வேண்டாம், விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்றிதழும் வேண்டாம். ஆனால் பகலில் மட்டும், பொழுதுபோக்குக்கு மட்டும், ஜனநெருக்கடியான இடங்களைத் தவிர்த்துத்தான் பறக்கலாம். ஆபீசுக்குப் பறந்து போகும் கனவு அங்கேயே அடிபட்டுவிடுகிறது. சான்றிதழ் வேண்டாம் என்றால், அந்த இயந்திரத்தை எந்த அரசு அமைப்பும் சோதித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மற்ற நாடுகளில் விதி வேறு. உங்கள் நாட்டு விமானத் துறையிடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

அப்புறம், அந்த 20 நிமிடம். ஜெட்சன் ஒன் என்ற மாடலுக்கும் இதே கணக்குதான். பிவட்டல் நிறுவனத்தின் ஹீலிக்ஸ் சுமார் 32 கி.மீ. போகும். குறைச்சல் என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி ஆற்றல்; ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் 250, 300 தான். இன்ஜின் வீணாக்குவதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. எரிபொருள் தீரத் தீர விமானம் லேசாகும். பேட்டரி காலியானாலும் அதே எடைதான். மேலே அசையாமல் நிற்கும்போதுதான் மின்சாரம் அதிகம் செலவாகும். இறங்கும்போது, அதாவது சார்ஜ் குறைந்திருக்கும் நேரத்தில், அப்படி நிற்கத்தான் வேண்டியிருக்கும். அதனால் விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: "என் எடையில், எதிர்காற்றில், ரெண்டு வருஷம் ஓடிய பேட்டரியில் எத்தனை நிமிடம்? புது பேட்டரி என்ன விலை?" இதற்கு மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள்.

இனி பணம். என் கவலை முழுக்க இதில்தான். ஜெர்மனியின் லிலியம் 2024 அக்டோபரிலும், வோலோகாப்டர் அதே ஆண்டு டிசம்பரிலும் திவால் மனு போட்டன. இரண்டும் இந்தத் துறையின் பெரிய பெயர்கள். நிறுவனம் மூழ்கினால் அடமானம் வைத்திருக்கும் கடன்காரர்கள் முன்னால் நிற்பார்கள். முன்பணம் கட்டியவர் பொதுவாக அவர்களுக்குப் பின்னால்தான். 'எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தருவோம்' என்ற வாக்குறுதி, தர நிறுவனம் இருக்கும்வரைதான். பணம் நிறுவனம் தன் செலவுக்குத் தொட முடியாத தனிக் கணக்கில் இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் விமானம் வராவிட்டால் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். இரண்டும் இல்லையா? கட்ட வேண்டாம். வரிசையில் இடம் போனால் போகட்டும்.

கேள்வி: குடும்பத்தோடு போக, நாலு பேர் உட்காரும் வகை வாங்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள். ஜோபி, ஆர்ச்சர் நிறுவனங்களின் விமானங்களில் பைலட்டோடு நாலு பயணிகள் போகலாம். ஆனால் அவை வான் டாக்ஸிக்காகச் செய்யப்படுபவை. சீனாவின் இஹாங் 216-எஸ், 2023 அக்டோபரில் அந்நாட்டின் வகைச் சான்றிதழ் (விமான வடிவமைப்புக்கு அரசு தரும் ஒப்புதல்) வாங்கியது. பைலட் இல்லாதது, இருக்கை இரண்டு, 2024-ல் அங்கே அறிவித்த விலை 23.9 லட்சம் யுவான். குடும்பத்தோடு பறக்க ஆசை என்றால் டிக்கெட் விற்கும் நாள்வரை காத்திருங்கள்.