மடோக்கா மாகிகா என்ற ஜப்பானிய அனிமே தொடரில் சயாக்காவின் முடிவு மனதை விட்டுப் போகவில்லை. பார்ப்பவரை அழ வைக்கத்தான் அவளை இப்படிச் சிதைத்தார்களா?

இல்லை. நீங்கள் எட்டாம் எபிசோடை முடித்த சூட்டோடு இதைக் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் மீதி நான்கையும் பார்த்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். 12 எபிசோடையும் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது, கதையும் முழுவதுமாக வெளிப்பட்டுவிடும்.

இந்தக் கதையில் ஒரு வரம் கேட்டுப் பெறும் பெண், அதற்கு ஈடாக மந்திரப் பெண்ணாகிச் சூனியக்காரிகளோடு சண்டையிட வேண்டும். சயாக்காவின் வீழ்ச்சி எட்டாவதில் தொடங்கவில்லை, மூன்றாவதில் தொடங்குகிறது. பலருக்கு அந்த எபிசோட் என்றாலே மூத்த மந்திரப் பெண்ணான மாமியின் மரணம் மட்டும்தான் நினைவுக்கு வரும். அதற்குச் சற்று முன்னால், அடுத்தவருக்காக, அதாவது தான் நேசிக்கும் கியோசுகேக்காக, வரம் கேட்கலாமா என்று சயாக்கா மாமியிடம் விசாரிக்கும் சின்னக் காட்சி ஒன்று உண்டு. மாமி திருப்பிக் கேட்பது இதுதான்: அவன் கனவு நிறைவேற வேண்டும் என்பது உன் ஆசையா, அதை நிறைவேற்றித் தந்தவளாக நீ இருக்க வேண்டும் என்பது உன் ஆசையா? சயாக்காவிடம் பதில் இல்லை. என் யோசனை போதவில்லை என்று ஒத்துக்கொள்கிறாள். அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அதே எபிசோடில் இறந்துபோகிறாள். மாமியின் சாவை அதிர்ச்சிக்காக வைத்தது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சயாக்காவைத் தடுத்து நிறுத்தக்கூடிய கை அங்கேயே போய்விட்டது.

நான்காவதில் மருத்துவமனைக் காட்சி. வயலின் வாசிக்கும் கியோசுகேயின் இடக்கை இனி தேறாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். சயாக்கா கொண்டுவந்த சிடி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் அந்தக் கையால் ஓங்கி அடித்து அதை உடைக்கிறான். ரத்தம் கொட்டுகிறது. வலிகூடத் தெரியவில்லை, இந்தக் கை எதற்கு என்று கதறுகிறான். இந்த வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு ஏழாவதுக்கு வாருங்கள். நிழலுருவங்களாக, கறுப்பு வெள்ளையில் வரும் சண்டையில் சயாக்கா தன் உடல் குத்துப்படுவதைப் பொருட்படுத்தாமல் வெட்டிக்கொண்டே போகிறாள், சிரித்தபடி. நினைத்தால் வலியை முழுவதுமாக நிறுத்திவிடலாம் என்பதைக் கண்டுகொண்ட சிரிப்பு அது. வரம் கேட்டு அவனுடைய மரத்துப்போன கையைக் குணமாக்கியவள் தன் உடல் முழுவதையும் அதே மரத்த கையாக ஆக்கிக்கொண்டாள். எந்தக் கதாபாத்திரமும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, மூன்று எபிசோட் இடைவெளியில் இரண்டு காட்சிகளை வைத்துவிட்டு நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். திரைக்கதை எழுதிய கென் உரோபுச்சியின் வேலை எவ்வளவு கணக்கானது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

இடையில் நடப்பதையும் வரிசையாகப் பாருங்கள். ஐந்தாவதில் மொட்டைமாடியில் அவன் வயலின் வாசிக்கிறான், அவள் நிறைந்து நிற்கிறாள். அந்த எபிசோடின் தலைப்பே வருத்தப்பட எதுவுமில்லை என்ற பொருளில் வரும். எட்டாவதின் தலைப்பு, நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது. ஒவ்வொரு எபிசோடின் தலைப்பும் அதில் யாரோ பேசும் ஒரு வரிதான், ஆகவே தலைப்புகளை மட்டும் அடுத்தடுத்துப் படித்தாலே அவள் இறங்கும் படிகள் தெரியும்.

ஆறாவதில் சயாக்காவின் தோழியும் தொடரின் நாயகியுமான மடோக்கா அவளுடைய ஆன்மக்கல்லைப் பாலத்திலிருந்து வீசியதும் சயாக்கா பொத்தென்று விழுகிறாள். உயிர் உடலில் இல்லை, கல்லில் இருக்கிறது. 100 மீட்டர் விலகினால் உடல் வெறும் பிணம். ஏழாவதில் தோழி ஹிட்டோமி வந்து, கியோசுகேயை நான் விரும்புகிறேன், முதலில் சொல்லும் வாய்ப்பு உனக்குத்தான், ஒரு நாள் தருகிறேன் என்கிறாள். ஹிட்டோமி வில்லி அல்ல, நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறாள். சூனியக்காரியின் பிடியில் தற்கொலைக்குப் போன அதே ஹிட்டோமியை நான்காவதில் காப்பாற்றியதே சயாக்காதான். அவளைக் காப்பாற்றாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன் என்று மடோக்காவிடம் சொல்லி அழுகிறாள். என்னைப் பொறுத்தவரை சயாக்கா உடைவது இங்கேதான். பேராசையோ பொறாமையோ அவளை உடைக்கவில்லை. அப்படி ஓர் எண்ணம் வந்ததையே அவளால் தனக்கு மன்னிக்க முடியவில்லை.

வீம்பு பிடித்தவள், உதவியைத் தட்டிவிட்டாள், அவளுக்கு ஏன் இவ்வளவு பரிவு என்று கேட்க வருவார்கள் என்று தெரியும். ஆம், தட்டிவிட்டாள். இன்னொரு மந்திரப் பெண்ணான கியோக்கோ பாழடைந்த தேவாலயத்துக்கு அழைத்துப்போய், தன் அப்பாவுக்காகக் கேட்ட வரம் தன் குடும்பத்தையே எப்படிக் கொன்றது என்று சொல்லி ஓர் ஆப்பிளை நீட்டுகிறாள். இதை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று சயாக்கா கேட்கிறாள், பதில் வராததும் மறுத்துவிடுகிறாள். அது வீம்புதான். ஆனால் எட்டாம் வகுப்பு வயதுப் பெண் அவள். தான் இனி மனுஷியே இல்லை என்று தெரிந்தபின் அவளிடம் மிச்சமிருப்பது நான் நியாயமானவள் என்ற ஒரே பிடிமானம். திருடிய ஆப்பிளைக் கடித்தால் அதுவும் போய்விடும். அவளைப் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணமில்லாமல் நடந்தாள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கல் கறுப்பதும் மந்திரக் கணக்கு மட்டுமல்ல. சக்தியைச் செலவழித்தாலும் கறுக்கும், மனம் நொந்தாலும் கறுக்கும். சூனியக்காரியைக் கொன்றால் கிடைக்கும் விதையால்தான் அதைத் துடைக்க முடியும். எட்டாவதின் தொடக்கத்தில் அந்த விதையை அவள் கியோக்கோவிடமே எறிந்துவிடுகிறாள். அதன்பின் ரயிலில் இரண்டு ஆண்கள் பெண்களை எப்படிக் கறந்துவிட்டுக் கழற்றிவிடுவது என்று பேசும் காட்சி, அதையடுத்து ரயில் நிலைய இருக்கை. சிலரைக் காப்பாற்றினேன், அதற்கு ஈடாக மனதில் வெறுப்பு சேர்ந்துவிட்டது என்கிறாள். ஒரு கண்ணீர்த்துளி விழுந்து கல் வெடிக்கிறது, அவளே சூனியக்காரியாகிறாள்.

இந்தக் கடைசி நிமிடத்தை மட்டும் வெட்டி, மிகச் சோகமான மரணங்கள் என்று வரிசைப்படுத்திப் போடுகிறார்களே, அது எனக்குப் பெரிய வருத்தம். முன்னே உள்ள ஐந்து படிகள் இல்லாமல் அந்தக் கண்ணீருக்குப் பொருளே இல்லை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பாடலைத் தாண்டிவிடும் பொத்தானைத் தயவுசெய்து அழுத்தாதீர்கள். பத்தாம் எபிசோடில் மற்றொரு மந்திரப் பெண்ணான ஹோமுராவின் கதை முழுவதும் தெரிந்தபிறகு அதே பாடல் கடைசியில் ஒலிக்கிறது. ஒன்பது வாரம் மடோக்காவின் பாட்டு என்று நினைத்தது ஹோமுராவின் சத்தியமாக மாறிவிடுகிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்தால் கடைசி இரண்டு எபிசோடுகள் ஏப்ரலுக்குத் தள்ளிப்போயின. அன்று உடனுக்குடன் பார்த்தவர்கள் அந்தப் பாடலோடுதான் ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்கு அது வெறும் பாட்டு.

மீண்டும் பார்ப்பதாக இருந்தால் மூன்றிலிருந்து ஒன்பது வரை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். ஆறாவதோடு நிறுத்தி, மறுநாள் ஏழு, எட்டு, ஒன்பதைச் சேர்த்துப் பாருங்கள். எட்டில் நிறுத்தினால்தான் இப்போது உங்களுக்கு இருப்பதுபோல மனம் அடைத்துக்கொண்டு நிற்கும். ஒன்பதில் சூனியக்காரியாகிவிட்ட அவள் இருக்குமிடத்தைக் கவனியுங்கள், அது ஓர் இசை அரங்கம். தன்னை இழந்தபின்னும் அவள் கச்சேரி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பிறகு 12. கியோசுகே மேடையில் வாசிக்கிறான், சயாக்காவும் மடோக்காவும் பார்வையாளர் இருக்கையில். உயிர் திரும்பவில்லை, அவனும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் வலிக்கிறது என்பதையும் அவள் மறைக்கவில்லை. அந்த வயலினை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை, மற்றவர்களும் கேட்க வேண்டும் என்பதுதான் என்கிறாள். மூன்றாம் எபிசோடில் மாமி கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லும் இடம் அது.