ஆளோ, பனங்குத்தியோ

அன்புள்ள ஐயா,

பத்தாவது படிக்கும் என் மகள், ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு’ என்ற குறளைப் படித்துவிட்டு, “எதுக்கும்மா மூணு தடவ கொல்லச் சொல்லுதாரு?” என்றாள். சந்தேகத்தைக் காட்டும் சொல் என்று உரையைப் பார்த்துச் சொன்னேன். “அப்போ நாம ஏன் அப்படிப் பேசல?” என்கிறாள். என்ன சொல்ல?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சொன்னது சரிதான். ‘கொல்லே ஐயம்’ என்று தொல்காப்பியம் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறது. கொலைக்கும் இதற்கும் உறவில்லை. இன்னொரு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு ‘இதுவாக இருக்குமோ’ என்ற நினைப்பைச் சேர்க்கும் இடைச்சொல் இது.

இன்று அந்த வேலையை ஓகாரம், அதாவது சொல்லின் கடைசியில் ஒட்டும் ‘ஓ’, பார்க்கிறது. பரிமேலழகரே இந்தக் குறளின் கொல்லை ஓகாரம் வைத்துத்தான் விரிக்கிறார். ஓகாரத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் ஆறு பொருளில் ஐயம் என்று தனியாக ஒன்று இல்லை. கொல் இருந்ததால் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

இலக்கண உரைகளில் ஐயத்துக்கு ஓர் உதாரணம் வரும்: ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ’. தூரத்தில் தெரிவது மரக்கட்டையா, மனிதனா என்ற மயக்கம். சின்ன வயதில் அம்பாசமுத்திரம் பக்கம், ஆச்சியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். நல்ல கருக்கல். எதிரே ஏதோ நின்றது. ஆச்சி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஆளோ, பனங்குத்தியோ, ஒண்ணும் தெரியலயே” என்றாள். கிட்டப் போனால் தலை போன பனை. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பல வருஷம் கழித்து உரையில் அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம், மகளுக்கு இதையும் காட்டுங்கள். “மாமா வந்தாவளா?” என்றால் எதிரே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். “மாமா வந்தாவளோ என்னமோ” என்னும்போது யாரிடமும் பதில் கேட்கவில்லை, நாமே மனசுக்குள் போட்டு உருட்டுகிறோம். குறளில் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கும் அவனும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. நெஞ்சு மயங்குகிறது என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அதனால்தான், ‘தெய்வமா? மயிலா? பெண்ணா?’ என்று விசாரணைபோல எழுதும் உரைகள் எனக்கு ஒப்பவில்லை. ‘தெய்வமோ, மயிலோ, பெண்ணோ’ என்று சொல்லிப் பாருங்கள், அவன் குரல் கேட்கும்.

வீட்டில் யாராவது “மழை வருமோ என்னமோ” என்று குடையை எடுத்தால், “ஏட்டி, இதாம் அந்தக் கொல்லு” என்று மகளிடம் காட்டிவிடுங்கள்.