பத்து நாளும் ஒரு ராத்திரியும்

வாசகர் கேள்வி:

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறேன். வயது 48. மனைவியின் ஊர் வடமராட்சியில் தொண்டைமானாற்றுப் பக்கம். மூன்று பிள்ளைகள். மீள்குடியேறிய அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் விடுமுறைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பமாகப் போய் மாமியார் வீட்டில் பத்து நாள் நிற்போம். இந்த வருடம் பேராதனையில் படிக்கிற மூத்த மகள், கூடப் படிக்கிற பிள்ளைகளோடு நுவரெலியா போகப் போகிறாளாம். உயர்தரம் படிக்கிற மகன் கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் நின்று ரியூசனுக்குப் போக வேண்டுமாம். சிறுபோகம் பிந்தி விதைத்ததால் வெட்டு முடியும்வரை எனக்கும் நகர முடியாது. மனைவி, பன்னிரண்டு வயதுக் கடைசி மகளோடு மட்டும் ஊருக்குப் போகிறா. 2009 இல் மூத்தவளைத் தோளில் வைத்துக்கொண்டும், மகனை மனைவி நெஞ்சோடு கட்டிக்கொண்டும் நடந்து, ஒருவரையும் தவறவிடாமல் கொண்டுவந்து சேர்த்தேன். இப்போது ஒரு பிரச்சினையும் இல்லாத காலத்தில் நாலு இடத்தில் நிற்கப்போகிறோம். மனைவி, ‘வளர்ந்த பிள்ளையள், விடுங்கோ’ என்கிறா. நான் கண்டித்துச் சொன்னால் மூத்த இருவரும் கட்டாயம் வருவார்கள். சொல்லட்டுமா?

ஒரு தந்தை, ஒட்டுசுட்டான்

பதில்:

தம்பி, சொல்லாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்த ஒரு சொல்லோடு உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை.

விடுமுறையைப் பற்றித்தான் கடிதம் தொடங்குகிறது. ‘தோளில் வைத்துக்கொண்டு’ என்ற இடத்துக்கு வந்ததும் எழுத்தே மாறிவிடுகிறது. எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பாதையில் ஒரு பிள்ளையின் கையை ஒரு நிமிடம் விட்டதால் இன்றைக்கும் படத்தை வைத்துக்கொண்டு இருக்கின்றன. அந்த நேரம் கையை இறுக்கிப் பிடித்தவர் நீங்கள். அந்தப் பிடி உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியது. பிறகு செட்டிகுளம் முகாமிலும், தறப்பாள் கொட்டிலிலும், வீட்டுத்திட்டத்து வீடு எழும்பும்வரையும் எல்லாரும் ஒரே கூரைக்குள் என்பதுதான் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ராத்திரி எழும்பித் தலைகளை எண்ணியிருப்பீர்கள். வன்னியில் அப்படி எண்ணாத தகப்பனை நான் இன்னும் காணவில்லை.

இப்போது எண்ணும்போது ஒரு தலை நுவரெலியாவில், ஒரு தலை கிளிநொச்சியில். உடம்புக்குப் பழைய பயம் வருகிறது. அது பயம்தான், குடும்பம் உடைகிறதற்கான அடையாளம் இல்லை. இரண்டையும் நீங்கள் ஒன்றாக வைத்துப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

என்னுடைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் முடித்து வன்னிக்கு வந்தவள். 1990 இல் ஆனையிறவுப் பாதை மூடிய பிறகு, கிளாலிக் கடலில் இரவில் வள்ளம் ஏறித்தான் அம்மாவைப் போய்ப் பார்த்து வந்தேன். 1996 க்குப் பிறகு அதுவும் இல்லை. 2002 இல் ஏ9 திறக்கும்வரை அம்மாவின் முகத்தைக் காணவில்லை. எழுதின கடிதம் போய்ச் சேர்ந்ததா, அம்மா இருக்கிறாவா என்றே தெரியாமல் கழிந்த மாதங்கள் உண்டு. அதைப் பிரிவு என்று சொல்லலாம். உங்கள் மகள் சினேகிதிகளோடு நானுஓயா வரை ரயிலில் போய், நாலு நாளில் திரும்பி வருவதற்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு வாய் வரவில்லை.

பாதை திறந்த பிறகு நாங்களும் உங்களைப் போலத்தான் ஒவ்வொரு ஆகஸ்டிலும் குடும்பமாகப் போனோம். 2005 இல் என் மகனுக்குப் பதினாறு வயது. ஊரில் கழகத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடக்கிறது, வரமாட்டேன் என்றான். நான் விடவில்லை. ‘ஆச்சி பாத்துக்கொண்டிருப்பா, நீ வராட்டில் நாங்கள் ஒருத்தரும் போகேல்ல’ என்று ஒப்பாரி வைத்து இழுத்துக்கொண்டு போனேன். வந்தான். பத்து நாளும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில். திரும்பி வருவதற்கு முதல் நாள் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னா: ‘பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய். கூட்டிக்கொண்டு வரேல்ல.’

அடுத்த ஆகஸ்டில் பாதை மறுபடி மூடிவிட்டது. அது திறக்கும் முன்னர் அம்மா போய்விட்டா. செத்த வீட்டுக்கும் எங்களால் போக முடியவில்லை.

அப்படியென்றால் நீங்கள் இழுத்துக்கொண்டு போனது நல்லதுதானே, கடைசியாக ஒருதரம் ஆச்சி அவனைப் பார்த்தாவே என்று கேட்பீர்கள். பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை தம்பி. அம்மா கடைசியாகப் பார்த்தது அவனுடைய முதுகை. அவனை ஒரு கிழமை கழித்துத் தனியாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தால், இரண்டு நாளென்றாலும் அவன் சிரித்த முகத்தோடு அம்மாவின் குசினியில் இருந்து சாப்பிட்டிருப்பான். இதை நினைத்து நான் இன்றைக்கும் வருந்துகிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் ஏன் உங்களுக்கு இவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதும் எனக்கு விளங்குகிறது. டிசம்பர் விடுமுறையில் மாரி மழை, குளம் வான் பாயும், காலபோக வயலை விட்டுவிட்டு அசைய முடியாது. சித்திரை விடுமுறையில் சிறுபோகக் கூட்டம், உழவு, விதைப்பு. வெட்டு முடிந்து, சோளகம் வீசி, நிலம் காய்ந்து கிடக்கிற ஆகஸ்டில்தான் குளத்தை நம்பி வயல் செய்கிறவனுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பள்ளிக்கூடமும் அப்போது பூட்டியிருக்கும். வடமராட்சியில் பனம்பழம் விழத் தொடங்கும், நல்லூர்த் திருவிழா நடக்கும், சில வருடம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயில் கொடியேற்றமும் அதோடு சேர்ந்து வரும். எல்லாம் ஒன்றாகக் கூடி வந்த அந்தப் பத்து நாளை உங்கள் குடும்பம் தானாகத் தெரிவு செய்யவில்லை. வயலும் பள்ளிக்கூடத்து மணியும் சேர்ந்து தந்தன. இப்போது கம்பஸ் விடுமுறை பள்ளிக்கூட விடுமுறையோடு ஒத்துவராது. உயர்தரப் பிள்ளைக்கு ஆகஸ்ட் என்றால் ரியூசன். இந்த முறை உங்கள் வயலே பிந்திவிட்டது. ஆக, முதலில் ஆகஸ்டை விட்டு விலகியது பிள்ளைகள் மட்டும் இல்லை. நீங்களும்தான்.

மூத்தவளைப் பற்றி. அயலில் கதைப்பார்கள், ‘பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விட்டிட்டார்’ என்று. கதைக்கட்டும். 2009 இல் உங்கள் தோளில் இருந்து அவள் பார்த்ததெல்லாம் ஒரு சின்னப் பிள்ளை பார்க்கக்கூடாதவை. அவள் இன்றைக்குப் பேராதனையில் படித்துக்கொண்டு, சினேகிதிகளோடு மலை பார்க்கப் போக ஆசைப்படுகிறாள் என்றால், நீங்கள் அவளைத் தூக்கி வந்தது வீண்போகவில்லை. எங்கே தங்குகிறார்கள், யார் யார் போகிறார்கள், அதில் ஒரு பிள்ளையின் வீட்டு நம்பர் என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். அது தகப்பனின் உரிமை. போய்ச் சேர்ந்ததும் ஒரு சொல், இரவு படுக்க முதல் ஒரு சொல், அது போதும். மணிக்கு ஒருதரம் எடுத்து ‘எங்க நிக்கிறாய்’ என்று கேட்காதீர்கள். அவள் போனை மௌனத்தில் போட்டுவிடுவாள், நீங்கள் இங்கே துடிப்பீர்கள். இன்னொன்று, நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். முத்தையன்கட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு ராத்திரிக் குளிர் எலும்பைத் தொடும். நல்ல சுவெற்றர் ஒன்று வாங்கச் சொல்லிக் காசு அனுப்புங்கள். நீங்கள் முகத்தை நீட்டிக்கொண்டு ‘சரி போ’ என்று சொல்வதைவிட அந்தக் காசு அவளுக்கு நிறையச் சொல்லும்.

மகனுக்கு நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவை. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 இல் ஏறினால் கிளிநொச்சி அவ்வளவு தூரமில்லை. ஒரு முட்டி எருமைத்தயிர், வீட்டுத் தேங்காய் நாலு, பெரியம்மாவுக்கு ஒரு பை அரிசி. அவனோடு ஒரு மணித்தியாலம் இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பாடத்தைப் பற்றியோ புள்ளியைப் பற்றியோ கேட்காதீர்கள். யானை வந்த கதையைச் சொல்லுங்கள், பெடியன்கள் அதைக் கேட்பார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியோடு கடந்துபோன பிள்ளை ஒன்று இருக்கிறது. கடைசி மகள். தம்பி, இந்த வருடம் உண்மையாக எதையாவது இழக்கப்போவது அவள்தான். மூத்தவர்கள் இருவருக்கும் அக்கா தம்பியாக அம்மம்மா வீட்டு வளவில் பனம்பழம் பொறுக்கின எத்தனையோ ஆகஸ்ட் இருக்கிறது. இவளுக்கு அந்தக் கூட்டம் இப்போதே கலைந்துவிட்டது. அம்மாவும் அம்மம்மாவும் கதைத்துக்கொண்டிருக்க, இவள் தனிய முற்றத்தில் நிற்பாள். கடைக்குட்டிகளுக்கு இது எப்போதும் நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியின் தாய் தகப்பனைக் கேட்டு, அந்தப் பிள்ளையையும் கூட அனுப்ப முடியுமா என்று பாருங்கள். ஒட்டுசுட்டான் பிள்ளைக்குப் பெருங்கடலும் பனங்காய்ப் பணியாரமும் ஒரு விடுமுறைக்குப் போதும்.

அப்புறம் மாமியார். அவவைப் பற்றித்தான் எனக்கு அக்கறை கூட. ஐந்து பேரும் ஒன்றாகப் போகும்போது அந்த மனுசி என்ன செய்வா? பத்து நாளும் அடுப்படியில் நிற்பா. யாரோடும் ஆறுதலாக இருந்து கதைக்க நேரம் கிடைத்திருக்காது. பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் நேரத்துக்கு வந்து இரண்டு நாள் நிற்கட்டும். மூத்தவள் கம்பஸ் விடுமுறையில், மகன் பரீட்சை முடிந்த கையோடு. அதை மட்டும் அவர்களிடம் கண்டித்துக் கேளுங்கள். ‘எங்களோடு வா’ என்று கேட்காமல், ‘அம்மம்மாவைப் போய்ப் பார்’ என்று கேளுங்கள். வயதானவர்களுக்குத் தனியாக வருகிற பேரப்பிள்ளை கோயில் திருவிழா மாதிரி. பழைய கதை முழுக்க அந்தப் பிள்ளைக்குத்தான் கிடைக்கும்.

எல்லாரும் ஒன்றாக நிற்கிற நாள் வேண்டாமா என்றால், வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் அதைப் பத்து நாளாகக் கேட்காதீர்கள். ஒரு ராத்திரியாகக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கல் திங்கள் இரவுக்கு எங்கெங்கோ இருந்து சனம் வருகிறது. கடல்நீரில் விளக்கெரிகிற அந்த இரவில் உங்கள் ஐந்து பேரும் கோயில் மணலில் ஒரே பாயில் இருந்தால் போதும். பேராதனையிலிருந்து ஒரு நாளுக்கு வந்து போகலாம். கிளிநொச்சியிலிருந்து கேட்கவே வேண்டாம். அந்தத் திங்கள் எப்போது வருகிறது என்று நாட்காட்டியில் பார்த்து மூத்தவளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். அந்தக் கிழமை அவளுக்குப் பரீட்சை வந்தால் தைப்பொங்கலுக்கு மாற்றுங்கள். அவளோடு சண்டை பிடிக்காதீர்கள்.

கடைசியாக நீங்கள். மனைவியும் பிள்ளையும் ஊரில் நிற்க, வெட்டு மெசினைப் பார்த்துக்கொண்டு, ராத்திரியில் யானைக்குக் காவல் இருந்துகொண்டு தனியே இருக்கப்போகிறீர்கள். அந்த வீட்டின் சத்தமின்மை உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் ராத்திரி எழும்பித் தலை எண்ணத்தான் செய்வீர்கள். எண்ணுங்கள், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. மனைவியிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘விடுங்கோ’ என்று சொல்கிற அவவும் அதே பாதையில் கைக்குழந்தையோடு நடந்தவதானே. அவவும் எண்ணுகிறாவா என்று நீங்கள் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

நெல்லை ஏற்றி முடிந்ததும் பக்கத்து வயல்காரனிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு நீங்களும் புறப்படுங்கள். கொடிகாமத்தில் திரும்பி நெல்லியடியால் போனால் பின்னேரத்துக்குள் போய்ச் சேரலாம். இரண்டு நாளென்றால் இரண்டு நாள். மாமியாருக்கு ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், கூழ் காய்ச்ச மீனும் நண்டும் அவவுக்குக் காலையில்தான் வாங்கலாம்.