பக் நிறைந்த ஆர்பிஜி கேமை எப்படி விமர்சிப்பது? கேள்வி பதில்

தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ செய்து இலவசமாக வெளியிடும் ரோல்பிளேயிங் கேம்களை (ஆர்பிஜி: ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து, சண்டையிட்டு லெவல் ஏறும் கேம்) பத்து வருடங்களுக்கு மேலாக ஆடி வருகிறேன். ஆடியபோது எடுத்த குறிப்புகளை அந்தக் கேமைச் செய்தவர்களுக்கே அனுப்பிவிடுவேன். பெரும்பாலானவை அரைகுறையாக, பக் எனப்படும் பிழைகளோடு வந்தவை. சிலவற்றை ஆடி முடிக்கவே முடியாது. அவற்றைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

கேள்வி: நண்பர் ஆர்பிஜி மேக்கரில் (இந்த வகை கேம்களைச் செய்ய உதவும் மென்பொருள்) ஒரு கேம் செய்து கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை கிராஷ் ஆனது. வசனம் முழுக்க எழுத்துப்பிழை, வரைபடமும் சரியில்லை. எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

பதில்: கிராஷிலிருந்து. ஆடுபவரை அப்படியே நிறுத்திவிடும் பிழைதான் எப்போதும் முதல் வரி. எழுத்துப்பிழையை முதலில் சொன்னால் அவர் இரவு முழுக்க உட்கார்ந்து வசனத்தைத் திருத்துவார். கிராஷ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருமுறை ஒருவருக்கு நாற்பது குறிப்புகளை நான் ஆடிய வரிசையிலேயே அனுப்பினேன். அவர் சுலபமான முப்பதைத் திருத்திவிட்டு சந்தோஷமாக அடுத்த பதிப்பை அனுப்பினார். இரண்டாம் அத்தியாயத்துக்குள் நுழையவே விடாத பிழை மட்டும் மாறவில்லை, ஏனென்றால் அது என் பட்டியலில் முப்பத்தேழாவதாக இருந்தது. அன்றிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன்.

அப்புறம் வருவது, ஆடுபவரைத் தவறான பக்கம் அனுப்பும் விஷயங்கள். வடக்கே போ என்று கிழவர் சொல்வார், வாசல் கிழக்கே இருக்கும். ஒரே பெட்டி திறக்கத் திறக்கத் தங்கம் கொடுக்கும். படம், இசை, எழுத்துப்பிழை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பிடித்த இடங்களையும் எந்த இடம் என்று குறிப்பிட்டே எழுதுங்கள். இது வெறும் மரியாதைக்காக இல்லை. எது நன்றாக அமைந்திருக்கிறது என்று தெரியாதவர் மற்றதைத் திருத்தும்போது அதையும் சேர்த்துக் கெடுத்துவிடுவார்.

கேள்வி: ஒரு காட்சி முடிந்ததும் ஹீரோ நகரவே மாட்டேன் என்கிறான். மெனு திறக்கவில்லை, இசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கணினியில் கோளாறா?

பதில்: உங்கள் கணினியில் ஒன்றும் இல்லை. இசை ஓடுகிறது என்றால் கேம் உயிரோடுதான் இருக்கிறது; எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. ஆர்பிஜி மேக்கர் கேம்களில் இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள்.

முதலாவது ஆட்டோரன், அதாவது தானாகவே ஓடும் இவென்ட். (இவென்ட் என்பது காட்சியை நடத்தும் கட்டளைத் தொகுப்பு.) அந்த வகை இவென்ட் ஓடும் வரை ஆடுபவர் கையில் எதுவும் இருக்காது. காட்சி முடிந்ததும் ஒரு ஸ்விட்சை, அதாவது ‘இது நடந்துவிட்டது’ என்று கேம் நினைவில் வைக்கும் குறியைப் போட்டு அந்த இவென்ட்டை அணைக்க வேண்டும். மறந்துவிட்டால் அதே இவென்ட் முடிந்த கணமே மறுபடி ஆரம்பிக்கும். வசனம் இருந்தால் அதே வசனம் திரும்பத் திரும்ப வரும். வசனம் இல்லாவிட்டால் உறைந்துபோனது போலத் தெரியும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. காட்சியில் ஒரு பாத்திரம் நான்கு கட்டம் நடந்து வர வேண்டும், நடந்து முடிக்கும் வரை காத்திரு என்று டெவலப்பர் கட்டளை கொடுத்திருப்பார். அந்தப் பாதையில் ஹீரோவே நின்றால்? நகர முடியாவிட்டால் விட்டுவிடு என்ற குறியைப் போடாதவரை அந்தப் பாத்திரம் முயன்றுகொண்டே இருக்கும், கேமும் காத்துக்கொண்டே இருக்கும். செய்தவர் சோதிக்கும்போது எப்போதும் கதவுக்கு நேராக வந்திருப்பார், அதனால் அவருக்கு இது ஒருமுறைகூட நடந்திருக்காது. நீங்கள் இடது பக்கமாக வந்தீர்கள், மாட்டிக்கொண்டீர்கள்.

ஆகவே ‘கேம் உறைகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் காட்சி, அதற்கு முன் எந்தக் கட்டத்தில் நின்றீர்கள், எந்தப் பக்கம் பார்த்தபடி பேசினீர்கள் என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி அவருக்கு இரண்டு நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

கேள்வி: பிழையைச் சொன்னால் ‘எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது’ என்கிறார். நான் பொய் சொல்வது போல ஆகிவிட்டது.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும், அதுதான் இதில் சங்கடம். விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பொருட்டில்லை. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலான இணையச் சர்வர்களிலும் அது வேறு கோப்பு. படத்தின் பெயரில் ஓர் எழுத்து பெரியதுக்குப் பதில் சின்னதாக இருந்தாலும் அவருடைய விண்டோஸில் ஓடும், உங்கள் பிரவுசரில் படம் கிடைக்காமல் நின்றுவிடும். ஆர்பிஜி மேக்கரின் எக்ஸ்பி, விஎக்ஸ் ஏஸ் போன்ற பழைய பதிப்புகளில் இன்னொன்று உண்டு. ஆர்டிபி என்ற பொதுப் படம், இசைத் தொகுப்பு அவர் கணினியில் ஏற்கெனவே இருக்கும். அதைச் சேர்க்காமல் கேமை அனுப்பினால் உங்களிடம் தொடக்கத்திலேயே பிழைச் செய்தி வரும்.

எந்தப் பதிப்பு, எந்தச் சாதனம், படிப்படியாக என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது: இவற்றோடு பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேவ் கோப்பையும் அனுப்புங்கள். சேவ் கோப்பில் எந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறது, எது போடவில்லை என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். அவர் அதைத் திறந்தால் உங்கள் நிலைமையிலேயே நின்று பார்க்கலாம்.

கேள்வி: பாதியில் நிறுத்திவிட்டேன். விமர்சனம் எழுதும் தகுதி இருக்கிறதா?

பதில்: தாராளமாக எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், எந்த இடத்தில் விட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆடுபவர் எங்கே எழுந்து போகிறார் என்பது செய்தவருக்கு வேறு எந்த வழியிலும் தெரியாது. ஆடாத பகுதியைப் பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: முதல் குகையில் என் அடி எல்லாம் பூஜ்யம். லெவல் ஏற்றிய பிறகு எல்லாரும் ஒரே அடியில் சாகிறார்கள். இது பிழையா, வடிவமைப்புக் குறையா?

பதில்: சண்டைக் கணக்கின் குறை. ஆர்பிஜி மேக்கரின் எம்வி பதிப்பில் சாதாரண அடிக்கான சூத்திரம், அடிப்பவரின் தாக்குதலை 4ஆல் பெருக்கி, வாங்குபவரின் தற்காப்பை 2ஆல் பெருக்கிக் கழிப்பது. எதிரியின் தற்காப்பு 40, உங்கள் தாக்குதல் 20 என்றால் 80 கழித்தல் 80, அடி பூஜ்யம். தாக்குதல் 22 ஆனால் அடி 8. தாக்குதல் 30 ஆனால் அடி 40. தாக்குதல் ஒன்றரை மடங்குதான் ஆகிறது, அடியோ ஒன்றுமில்லாததிலிருந்து 40க்குப் போய்விடுகிறது. கழித்தல் சூத்திரத்தில் இப்படி ஒரு செங்குத்துச் சரிவு எப்போதும் இருக்கும். அனுபவமுள்ளவர்கள் எதிரிகளின் எண்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி அதைச் சமாளிக்கிறார்கள். புதியவர் தோன்றிய எண்ணைப் போட்டுவிடுகிறார்.

தாக்குதலின் வர்க்கத்தை, தாக்குதலும் தற்காப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. அதே எண்களைப் போட்டால் தாக்குதல் 20க்கு அடி சுமார் 7, 30க்குச் சுமார் 13. பூஜ்யமும் இல்லை, திடீர்ப் பாய்ச்சலும் இல்லை. கேமைச் செய்தவருக்கு இதைப் பரிந்துரைக்கலாம்.

ஆனால் அதற்கு முன் எண்களைக் கொடுங்கள். ‘ரொம்பக் கஷ்டம்’ என்பதை வைத்து எதையும் திருத்த முடியாது. ‘லெவல் 4, இரும்பு வாள், வௌவாலுக்கு அடி 0, அது எனக்கு அடித்தது 35’ என்றால் அவருக்கு எந்த எண்ணில் கை வைப்பது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பெரிய நிறுவனங்களின் கேம்களிலும் பக் இருந்ததே. அமெச்சூர்காரரை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?

பதில்: இருந்தது உண்மைதான். 1987இல் வந்த முதல் ஃபைனல் ஃபேண்டஸியில் அறிவுத்திறன் என்ற எண் மந்திரத்தின் பலத்தை ஒரு துளிகூட மாற்றவில்லை. 1994இல் வந்த ஆறாவது பாகத்தில் ஆயுத அடியைத் தவிர்ப்பதற்கான எண்ணைக் கேம் கண்டுகொள்ளவே இல்லை. மந்திரத்தைத் தவிர்ப்பதற்கான எண்ணே இரண்டு வேலையையும் செய்தது. 1996இல் தொடங்கிய முதல் தலைமுறைப் போக்கிமானில் ஃபோகஸ் எனர்ஜி என்ற திறன், கிரிட்டிகல் அடியின் (வழக்கத்தைவிடப் பலமாக விழும் அடி) வாய்ப்பைக் கூட்ட வேண்டியது, அதைக் குறைத்துவிட்டது.

கவனியுங்கள், இவை எதுவும் ஆடுபவரை வெளியே தள்ளவில்லை. லட்சக்கணக்கானவர்கள் பிழை இருப்பதே தெரியாமல் ஆடி முடித்தார்கள். அதே 1996இல் வந்த டேகர்ஃபால் என்ற ஆர்பிஜியில் சுவரைத் தாண்டி ஒன்றுமில்லாத வெளிக்குள் விழுந்துவிடும் பிழை இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் பிழைகளைப் பற்றிய பேச்சு கூடவே வருகிறது. பிழைகளின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருப்பதால் பயனில்லை. ஆடுபவரின் நேரத்தை அது என்ன செய்தது என்று பாருங்கள். ஒரு மணி நேர உழைப்பு சேவ் ஆகாமல் போனால் கேமைச் செய்தவர் யாராக இருந்தாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் ரெடிமேட் படங்களையே பயன்படுத்தியிருக்கிறார். இதைக் குறையாக எழுதலாமா?

பதில்: வேண்டாம். பொருந்தாமல் கலந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். 48 பிக்சல் கட்டத்துக்கு வரைந்த தரையின் மேல் 32 பிக்சல் பாத்திரத்தைப் பெரிதாக்கி நிறுத்தினால் விளிம்பு மங்கித் தனியாகத் தெரியும். என்னைக் கேட்டால் படத்தைவிடப் பெரிய தொல்லை காலி மேப். எம்வியில் ஒரு திரைக்குக் கிட்டத்தட்ட 17க்கு 13 கட்டங்கள் பிடிக்கும். நான்கு வீடு உள்ள ஊரை 100க்கு 100 கட்டத்தில் போட்டால் ஆடுபவர் புல்லில் நடந்தே சோர்ந்துபோவார்.

கேள்வி: அண்ணா, நானே இப்படி ஒரு கேமைச் செய்தவன். தமிழில் வசனம் வைத்தேன். மெனுவில் சரியாக வருகிறது, வசனப் பெட்டியில் மட்டும் எழுத்து உடைந்து, புள்ளி வட்டத்தோடு கொம்பும் காலும் தனியாக நிற்கின்றன. எல்லாரும் கேலி செய்கிறார்கள்.

பதில்: தம்பி, இது உன் கவனக்குறைவு இல்லை. நீ எம்வி பயன்படுத்துகிறாய் என்று நினைக்கிறேன். அது மெனுவில் பெரும்பாலான சொற்களை முழுதாக ஒரே தடவையில் வரைகிறது. வசனத்தை மட்டும் ஒவ்வொரு குறியாக வெட்டி வெட்டி வரைகிறது. ‘கொ’ என்பது கணினிக்கு ‘க’ ஒரு குறி, ஒகரக் குறி இன்னொரு குறி. இரண்டையும் தனித்தனியாக வரைந்தால், தாங்க எழுத்து இல்லாத உயிர்க்குறி புள்ளி வட்டத்தின் மேல் ஏறிக்கொள்ளும். மெய்யையும் அதன் குறியையும் பிரிக்காமல் ஒன்றாக எடுத்து வரையும்படி வசனப் பகுதியின் ஸ்கிரிப்டை மாற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் 2023இல் வந்த கோடோ 4 என்ற கேம் செய்யும் மென்பொருளைப் பார். இந்த மாதிரி எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

கேலியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அடுத்த பதிப்பை யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடச் சொல். நீ வாயே திறக்காதே, வழி சொல்லாதே. அவர் எங்கே தயங்குகிறார், எந்தக் கதவை மூன்று முறை தட்டுகிறார் என்று மட்டும் எழுதிக்கொள். ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் அந்தத் தாள் நூறு கருத்துகளுக்குச் சமம். எதை முதலில் திருத்துவது என்று அப்புறம் நீ யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: திருத்திய பதிப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டுமா? என் விமர்சனத்தை என்ன செய்வது?

பதில்: முழுக்க ஆட முடியாவிட்டாலும் நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் வரையாவது புதிதாகத் தொடங்கி ஆடுங்கள். பழைய சேவ் கோப்பை ஏற்றிச் சோதிக்காதீர்கள். அதில் பழைய ஸ்விட்ச் நிலைகள் அப்படியே இருக்கும், திருத்தப்பட்ட இவென்ட் ஓடாமலே போகலாம், அவர் திருத்தவில்லை என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். விமர்சனத்தின் தொடக்கத்தில் நீங்கள் ஆடிய பதிப்பின் எண்ணைப் போடுங்கள். சரியானவற்றை அந்தந்தக் குறிப்புக்குக் கீழே ‘இந்தப் பதிப்பில் சரியாகிவிட்டது’ என்று சேருங்கள். பழைய வரியை அழிக்க வேண்டாம். போன வருடம் ஒரு கேமுக்கு அப்படிப் பதினோரு வரிகள் சேர்த்தேன். செய்தவர் அந்தப் பக்கத்தையே தன் வேலைப் பட்டியலாக வைத்துக்கொண்டார்.